விசாரியாத தீர்ப்பு

ஒருவர் உழைத்து இயற்றிய நூலையோ, பாட்டையோ, திரைப்படத்தையோ அவருடைய அனுமதியின்றிப் பிரதி செய்து விற்பது திருட்டே என்பதில், நியாய உணர்ச்சி உள்ளவர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருப்பதற்கில்லை. படம் திரைக்கு வந்த அன்றே அதன் திருட்டுப் பிரதி ஊரெங்கும் உலவுவதைக் கண்டு வயிறெரியாத தயாரிப்பாளர் எந்தத் தேசத்திலும் இரார். ஆகையால், இத்திருட்டைத் தடுப்பதற்கென்றே 2011-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் இரண்டு மசோதாக்கள் கொண்டுவரப்பட்டபோது, அவற்றை எதிர்த்து லட்சக்கணக்கான பிரஜைகள் கிளம்பினார்கள் என்று கேள்விப்படுகிறவர், ‘திருட்டுக்குப் பரிந்து பேச இத்தனை பேரா!’ என்று திகைத்தால் அது இயல்பே. அந்த எதிர்ப்பின் காரணங்களைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பவருக்கோ, குற்றம் சாட்டப்பட்டவனுடைய வாதத்தைக் கேளாமல் அவனைத் தண்டிக்கலாகாது என்ற மிகப் பழைய நீதிக்காகவே அவர்கள் பரிந்து பேசினார்கள் என்பது விளங்கும்.

இணையத்தில் பதிப்புரிமையைக் காப்பதற்கு அமெரிக்காவில் அதற்கு முன்னரே சட்டம் இல்லாமலில்லை. டி.எம்.சி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் 1998-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தம்முடைய படைப்பு ஓர் இணையதளத்தில் அனுமதியின்றி வைக்கப்பட்டிருப்பதைக் காணும் உரிமையாளர் அந்தத் தளத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். தளத்தார் அந்தப் பொருளைத் தாமதமின்றி அகற்றிவிட்டால், யாரோ ஒருவர் செய்த குற்றத்துக்காக அவர்கள் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. பொருளை வைத்தவரும், அது தமக்கு உரியதே என்று எதிர்நோட்டீஸ் கொடுக்கலாம். பொதுஜனங்கள் தாமே எழுதியும் படம் பிடித்தும் பாடியும் நிரப்புகிற யூடியூப் போன்ற தளங்கள் இந்தப் பாதுகாப்பின் நிழலில்தான் வளர்ந்தன. ஆனால் அமெரிக்க எல்லைக்கு வெளியே இருந்துகொண்டு, எந்த நோட்டீஸையும் சட்டை செய்யாமல், திருட்டுப் பிரதிகளையே மூலதனமாகக் கொண்டு நடக்கும் தளங்களை என்ன செய்வது என்பது ஹாலிவுட் முதலாளிகளின் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு அவர்கள் கண்ட விடைதான் விபரீதமாக முடிந்தது.

செனட் சபையில் வெர்மான்ட் மாகாணத்துப் பாட்ரிக் லேஹி 2011 மே மாதத்தில் கொண்டுவந்த மசோதாவுக்குப் ‘பிபா’ என்றும், பிரதிநிதிகள் சபையில் டெக்ஸாஸ் மாகாணத்து லாமர் ஸ்மித் அதே வருஷம் அக்டோபர் 26-இல் கொண்டுவந்த மசோதாவுக்கு ‘ஸோபா’ என்றும் பெயர் வழங்கலாயிற்று. ஸோபாவின்படி, அயல்நாட்டுத் தளம் ஒன்றின்மீது அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரல் நீதிமன்ற உத்தரவு பெற்றுவிட்டால், அந்தத் தளத்தின் பெயரைத் தேடுவோருக்கு இணைய சேவை நிறுவனங்கள் வழிகாட்டக் கூடாது. தேடுபொறிகள் அதனைக் காட்டக் கூடாது. பணம் பட்டுவாடா செய்யும் நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் அதனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைவிடக் கடுமையான பிரிவு ஒன்றும் இருந்தது. நீதிமன்றத்தின் வாசற்படியையே மிதிக்காமல், உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் நேரே பணப் பட்டுவாடா நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும். எதிர்நோட்டீஸ் வராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் அந்தத் தளத்தின் வருமானம் நின்றுவிடும். அவசரப்பட்டுத் தொடர்பைத் துண்டித்தவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. துண்டிக்கத் தயங்கியவர்களுக்கு வழக்கு உண்டு. இப்படி ஓர் ஏற்பாடு இருக்குமானால், எந்த வியாபாரி தயங்குவான்?

பெயரைத் தேடுவோருக்கு வழிகாட்டக் கூடாது என்ற பிரிவை எதிர்த்தவர்களில் முதன்மையானவர்கள் இணையத்தைக் கட்டி வளர்த்த பொறியியல் நிபுணர்களே. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவு முறை. இடையில் யாரும் பொய் முகவரியைப் புகுத்தி, பாங்கியின் தளத்துக்குப் போகிறவரை மோசக்காரனின் தளத்தில் கொண்டுபோய் விடாதபடி, பதிலின் மெய்ம்மையைச் சோதிக்கும் ஒரு பாதுகாப்பு முறையை அவர்கள் பல வருஷ உழைப்பால் உருவாக்கி அப்போதுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். பதிலைத் திரித்துச் சொல் என்று கட்டளையிடும் சட்டமும், திரித்த பதிலை நம்பாதே என்று கற்பிக்கும் பாதுகாப்பு முறையும் ஒரே இடத்தில் எப்படிக் குடியிருக்கும் என்று கேட்டு, ஸ்டீவ் குராக்கர், பால் விக்ஸி, டான் காமின்ஸ்கி முதலிய ஐவர் 2011 மே மாதத்திலேயே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். டிசம்பரில், இணையத்தின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் விண்ட் செர்ஃப் உட்பட 83 பொறியாளர்கள் காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார்கள். எண் முகவரி தெரிந்தவன் தடைக்குப் பிறகும் திருட்டுத் தளத்துக்குப் போய்ச் சேருவான் என்பதால், இந்தச் சிகிச்சையில் நோய் பிழைத்துக்கொள்ளும், நோயாளிக்குத்தான் ஆபத்து என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

குற்றமற்றவர்களும் விசாரணையின்றித் தண்டிக்கப்படுவார்கள் என்ற அச்சமும் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அப்போதே ஓர் அத்தாட்சி இருந்தது. ‘தஜாஸ்1’ என்பது ஹிப்-ஹாப் சங்கீத ரசிகர்கள் படித்துவந்த ஒரு சிறு தளம். 2010 நவம்பரில், அமெரிக்கக் குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையினர், இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கூறிய புகாரை ஆதாரமாகக் கொண்டு, அதன் பெயரைப் பறிமுதல் செய்தார்கள். படிக்க வந்தவர்களுக்கு அரசாங்க முத்திரைகள் பொறித்த எச்சரிக்கைப் பலகை ஒன்றே காட்சியளித்தது. குற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட பாட்டுக்களோ, விளம்பரத்துக்காகச் சங்கீத வியாபாரத்தைச் சேர்ந்தவர்களே அனுப்பிவைத்தவை என்று தளத்தார் எடுத்துக்காட்டினார்கள். வழக்குத் தொடுக்க அரசாங்கம் கேட்ட அவகாசங்கள் எல்லாம் பிரதிவாதியின் வக்கீலுக்குத் தெரியாமல், முத்திரையிட்ட உறைக்குள்ளேயே வழங்கப்பட்டன. ஒரு வருஷத்துக்கும் மேல் கழிந்து, 2011 டிசம்பரில், குற்றப்பத்திரிகையும் விசாரணையும் மன்னிப்பும் ஒன்றும் இல்லாமல் பெயர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நடைமுறையிலிருந்த சட்டத்தைக் கொண்டே ஒரு பத்திரிகையின் வாயை ஒரு வருஷம் அடைக்க முடியுமானால், கட்டுப்பாடு குறைந்த புதுச் சட்டத்தைக் கொண்டு என்னதான் செய்ய முடியாது என்ற கேள்வி அப்போது பலர் மனத்தில் எழுந்தது.

2011 நவம்பர் 16-இல் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் கமிட்டி சாட்சியம் கேட்டபோது, அழைக்கப்பட்ட சாட்சிகளில் மசோதாவை எதிர்த்துப் பேசியவர் கூகுள் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவரே. அன்றே டம்ளர் என்னும் தளம் தன் வாசகர்களைத் தங்கள் பிரதிநிதிகளோடு பேசத் தூண்ட, 87,000-க்கும் மேற்பட்ட டெலிபோன் அழைப்புகள் காங்கிரஸுக்குச் சென்றன. அதே கமிட்டியின் டிசம்பர் விவாதத்தில், இணையம் இயங்கும் விதத்தில் தாம் நிபுணர் அல்லர் என்று சொல்லிக்கொண்டே சில உறுப்பினர்கள் அதன் தலைவிதியை நிர்ணயிக்க முற்பட்டதை நேரலையில் கண்டவர்களின் பொறுமை கரைந்தது. மசோதாவை ஆதரித்த, இணையப் பெயர்களைப் பதிவு செய்து தரும் கோடாடி நிறுவனம், வாடிக்கையாளர்கள் விலகத் தொடங்கியதும் தன் ஆதரவை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இந்த எதிர்ப்பின் உச்சமாக, 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா இருபத்துநான்கு மணி நேரம் தன் பக்கங்களை மறைத்துக் கறுப்புத் திரையிட்டுக்கொண்டது. ரெட்டிட் முதலிய தளங்களும் கதவடைத்தன. கூகுள் தன் பெயர்ச் சின்னத்தின்மீது கறுப்புப் பட்டை இட்டது. விக்கிபீடியாவின் அறிவிப்பை 16 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அவர்களில் 80 லட்சம் பேர் தங்கள் பிரதிநிதி இன்னார் என்று தேடித் தெரிந்துகொண்டார்கள். கூகுள் வெளியிட்ட மனுவில் 70 லட்சம் பேர் கையொப்பமிட்டார்கள். பிபா மசோதாவை முன்மொழிந்தவர்களில் ஒருவரான செனட்டர் மார்கோ ரூபியோ உட்படப் பலர் அன்றே தம் ஆதரவை விலக்கிக்கொள்ள, இரண்டு நாட்களுக்குள் இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. மறுபடி அவை எழவில்லை.

பெரிய இணையக் கம்பெனிகள் தம் செல்வாக்கைத் துர்விநியோகம் செய்தன என்று எதிர்த்தரப்பார் குறை கூறினார்கள். அதில் சிறிது உண்மையும் உண்டு. கூகுளுக்குத் தன் லாபத்தில் அக்கறை இல்லை என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆயினும், ஹாலிவுட்டின் லாபமும் கூகுளின் லாபமும் மோதிக்கொண்ட இடத்தில், இரண்டிலும் பங்கில்லாத பிரஜைகள் தங்கள் உரிமையைத் தாங்களே கண்டுகொண்டார்கள் என்பதை மறுக்க இயலாது. ஐரோப்பாவில் நடந்தது இதற்குச் சான்று. பதிப்புரிமை மீறலைத் தடுக்கப் பல அரசாங்கங்கள் கூடி, ஜனங்களுக்குக் காட்டாமலே பெரும்பகுதி பேசி முடித்த ‘ஆக்டா’ ஒப்பந்தத்தில் 2012 ஜனவரி 26-இல் ஐரோப்பிய யூனியனும் அதன் 22 தேசங்களும் டோக்கியோவில் கையெழுத்திட்டபோது, உறைபனியையும் பொருட்படுத்தாமல் போலந்தின் வாலிபர்கள் வீதிக்கு வந்தார்கள். பிரதமர் டொனால்ட் டுஸ்க் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார். ஜூலை 4-இல் ஐரோப்பியப் பார்லிமென்ட் அதனை 39-க்கு எதிராக 478 வோட்டுக்களால் நிராகரித்தது.

இவையெல்லாம் தூரதேசத்து விருத்தாந்தங்கள் என்று தமிழர்கள் இருந்துவிடுவதற்கில்லை. ‘3’ என்ற தமிழ்ப் படத்தின் ‘கொலவெறி’ப் பாட்டை யூடியூப் உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பாட்டு முறைப்படி வெளியானதும், வாஷிங்டனில் ஸோபாவுக்குச் சாட்சியம் கேட்கப்பட்ட அதே 2011 நவம்பர் 16-இல்தான். அடுத்த வருஷம் அந்தப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிராக வழங்கப்படும் ‘ஜான் டோ’ உத்தரவு ஒன்றைப் பெற்றார். அதனைக் கையில் வாங்கிய இணைய சேவை நிறுவனங்கள், சந்தையில் ஒரு கடையில் திருட்டுச் சரக்கு இருக்கக்கூடும் என்பதற்காகச் சந்தைக்குப் போகும் பாதையையே வெட்டிப் போடுவதுபோல, உலகமெங்கும் குறும்படக் கலைஞர்கள் தங்கள் சொந்தப் படைப்புகளை வைத்திருக்கும் விமியோ போன்ற தளங்களையும் சேர்த்து முடக்கின. இளைஞர்கள் பல நகரங்களில் முகமூடியணிந்து ஆட்சேபம் தெரிவித்தார்கள். ஜூன் 22-இல் நீதிமன்றமே, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தைத்தான் தடுக்கவேண்டும், முழுத் தளத்தையும் அன்று என்று தெளிவுபடுத்தியது. அந்தத் தெளிவு நிலைத்ததா என்றால், இல்லை. 2017-இல் இரண்டு ஹிந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெறப்பட்ட உத்தரவுகளின் பட்டியலில் அடங்கிய 2,600-க்கும் மேற்பட்ட தளங்களுள், பழைய நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் இலவசமாகத் தந்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மாபெரும் நூலகமும் ஒன்றாயிற்று. அந்தப் பட்டியலைப் பற்றி நூலகத்தாருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை.

அப்படியானால் படைப்பாளிக்குப் பாதுகாப்பே கூடாதா என்ற கேள்விக்கு, 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ‘டிஷூம்’ படத்தின் வழக்கை விசாரித்த நீதிபதி கௌதம் படேல் வழிகாட்டும் விடை ஒன்றை அளித்தார். வழக்குத் தொடுத்தவர் நீட்டிய நீண்ட பட்டியலை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு முகவரியும் சரிபார்க்கப்படவேண்டும் என்றும், தடுக்கப்பட்ட பக்கத்துக்கு வருகிறவருக்குத் தடையின் காரணமும் முறையிட வேண்டிய இடமும் தெரிவிக்கப்படவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். உரிமையாளருக்கு இதனால் சிறிது சிரமமும் தாமதமும் உண்டாகலாம். ஆனால் அந்தச் சிரமம், பிறருடைய வாயை அடைக்க அதிகாரம் கேட்கிறவர் கட்டாயம் செலுத்தவேண்டிய கட்டணம். அந்தக் கட்டணத்தைச் செலுத்தாமல் அதிகாரத்தை மட்டும் கேட்கும் மசோதா எந்தத் தேசத்துச் சபையில் எந்தப் பெயரோடு வந்தாலும், படைப்பாளிகளிடத்தில் மரியாதை உள்ளவர்களே முன்னின்று அதனை எதிர்ப்பது நியாயம். ஏனெனில், நாளை விசாரணையின்றி அடைக்கப்படும் வாய்களில் அவர்களுடையதும் ஒன்றாக இருக்கக்கூடும்.