தீர்ந்த வழக்கும் தீராத வினாவும்

நகைச்சுவைப் படங்களின் ஆயுள் பெரும்பாலும் குறுகியது. ஒரு தலைமுறையை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படம், அடுத்த தலைமுறைக்குச் சலிப்பூட்டுவதுண்டு. இதற்கு விலக்காக விளங்கும் படங்களுள் ஒன்று, அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டு ஜார்ஜ் கூக்கரின் இயக்கத்தில் வெளிவந்த 'ஆடம்ஸ் ரிப்'. 'ஆதாமின் விலா எலும்பு' என்பது இதன் பொருள். அவ்வெலும்பிலிருந்தே ஏவாள் படைக்கப்பட்டாள் என்கிறது விவிலியம். பெண் ஆணின் ஒரு பகுதியா, அன்றி அவனுக்கு நிகரானவளா என்னும் வினா படத்தின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

கதை எளிமையானது. நியூயார்க் நகரில் டோரிஸ் என்னும் பெண் ஒரு கைத்துப்பாக்கியை வாங்குகிறாள். அதைச் சுடும் முறைகூட அவளுக்குத் தெரியாது. உடன் வந்த குறிப்பேட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறாள். வேறொருத்தியின் வீட்டில் இருக்கும் தன் கணவனைத் தேடிச் சென்று சுடுகிறாள். கணவன் காயத்தோடு பிழைத்துக்கொள்கிறான். டோரிஸ் மீது வழக்குத் தொடுக்கும் பொறுப்பு ஆடம் என்னும் அரசாங்க வழக்கறிஞனுக்கு வருகிறது. அவளுக்காக வாதாட முன்வருபவளோ ஆடமின் மனைவி அமாண்டா! ஆடமாக ஸ்பென்சர் டிரேசியும், அமாண்டாவாகக் கேத்தரின் ஹெப்பர்னும், டோரிஸாக ஜூடி ஹாலிடேயும் நடித்தனர்.

கதையை எழுதிய ரூத் கார்டனும் கார்சன் கேனினும் கணவன் மனைவியரே. வழக்கறிஞர்களான ஒரு தம்பதியர், நடிகர் ரேமண்ட் மேஸ்ஸியின் மணவிலக்கு வழக்கில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று, பின்னர்த் தாமும் பிரிந்து, தத்தம் கட்சிக்காரரையே மணந்த உண்மை நிகழ்ச்சியே இக்கதைக்கு வித்து.

அமாண்டாவின் வாதம் யாது? மனைவியின் தவற்றைக் கண்டு கொதித்தெழும் கணவனை ஊர் மன்னிக்கிறது. ஆனால் கணவனின் தவற்றைக் கண்டு கொதித்தெழும் மனைவியைத் தண்டிக்கத் துடிக்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தராசுகள் ஏன் என்பதே அவள் கேள்வி. டோரிஸை ஆணாகவும் அவள் கணவனைப் பெண்ணாகவும் எண்ணிப் பார்க்குமாறு அவள் ஜூரிகளை வேண்டும்போது, திரையிலும் அவர்கள் அவ்வாறே உருமாறித் தோன்றுகின்றனர். ஆடமின் மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சட்டம் தீயதாயின் அதை மாற்ற வேண்டும். மாற்றும்வரை மீறுதல் ஆகாது என்கிறான் அவன்.

இந்த வாதம் வெறும் வேடிக்கையன்று. படம் வெளிவந்த காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக ஜூரிகளாக அமர இயலாது. புளோரிடா மாநிலத்தில் கணவனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு, ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி தண்டனைக்கு வழிவகுத்தது. பெண்கள் தாமே விரும்பிப் பதிந்துகொண்டால் மட்டுமே அங்கு ஜூரிப் பட்டியலில் இடம்பெறுவர். அம்முறை செல்லும் என்று 1961ஆம் ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிலை மாற 1975ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமாண்டா எழுப்பிய வினாவுக்கு நாடு விடை காண இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

வழக்கில் அமாண்டா வெல்கிறாள், டோரிஸ் விடுதலையாகிறாள். ஆனால் இல்லறம் உடைகிறது. அண்டை வீட்டுக்காரனோடு அமாண்டா இருக்கும்போது ஆடம் துப்பாக்கியோடு நுழைகிறான். அஞ்சி நடுங்கிய அமாண்டா, இவ்வாறு செய்ய எவருக்கும் உரிமையில்லை என்று கத்திவிடுகிறாள். நீதிமன்றத்தில் அவன் சொன்னதும் அதுவேயன்றோ! உடனே அவன் அத்துப்பாக்கியைக் கடித்துத் தின்னத் தொடங்குகிறான். அது அதிமதுர மிட்டாய்!

படத்தின் வெற்றி இந்தச் சமநிலையில்தான் இருக்கிறது. அவையில் வென்றவள் வீட்டில் தோற்கிறாள். வீட்டில் வென்றவனும் இறுதியில் கண்ணீர் வடித்தே மனைவியை மீட்கிறான். பின்னர், நினைத்த மாத்திரத்தில் தன்னாலும் அழ முடியும் என்று காட்டி, அது பெண்களுக்கே உரிய கலை என்னும் எண்ணத்தையும் உடைக்கிறான். பெண்ணை ஏளனம் செய்து சிரிப்பூட்டும் படங்கள் பல. ஆணை அசடனாக்கிச் சிரிப்பூட்டுபவையும் பல. இப்படமோ இருவரையும் அறிவுடையவர்களாக நிறுத்தி, இருவர் வாயிலும் வலிமையான நியாயத்தை வைக்கிறது.

இப்படம் 1992ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அந்தச் சிறப்பினும் பெரிது ஒன்றுண்டு. படத்தைக் கண்டு வீடு திரும்பும் கணவனும் மனைவியும் இன்றும் வழியில் வழக்காடிக்கொண்டே நடப்பர். நீதிமன்றத்தில் தீர்ப்பு முடிந்துவிட்டது; வழக்கு இன்னும் முடியவில்லை.