புகையாய்ப் போகும் உரம்



சமீபத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அறுவடை இயந்திரம் வந்து போன வயலில், கிடந்த வைக்கோலுக்கு ஒருத்தர் தீ வைத்துக்கொண்டிருந்தார். “என்னங்க, இப்படிக் கொளுத்துறீங்களே?” என்றேன். “சாம்பல் உரந்தானேங்க, வயலை விட்டு எங்கே போயிடப் போகுது?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வயலுக்குள்ளே இரண்டு ஓட்டம் நடக்கிறது. ஒன்று சக்தி, இன்னொன்று சத்து. இரண்டும் ஒன்றல்ல.

சக்தி சூரியனிடமிருந்து வருகிறது. இலையிலுள்ள பச்சையம் வெயிலைப் பிடித்து, காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் வேர் கொண்டுவரும் தண்ணீரையும் சேர்த்து மாவுப்பொருளாக்குகிறது. வயலில் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு போலத்தான் பயிரில் தங்குகிறது. அந்த நெல்லை எலி தின்றால், தின்றதில் பெரும்பகுதி அது ஓடியாடவும் உடம்புச் சூட்டுக்கும் செலவாகிவிடும். சதையாக நிற்பது கொஞ்சம். அந்த எலியைப் பாம்போ ஆந்தையோ பிடித்தால் அங்கேயும் இதே கதைதான். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறும் என்று தோராயமாகச் சொல்லுவார்கள். அதனால்தான் எலி ஏராளமாக இருக்கிற ஊரிலும் ஆந்தை ஒன்றிரண்டே இருக்கிறது. அந்த ஒன்றிரண்டையும் அபசகுனம் என்று கல்லால் அடித்து விரட்டுகிறோம், அது வேறு விஷயம். சூடாய்ப் போன சக்தி திரும்பி வராது. கவலையில்லை, நாளைக்கும் சூரியன் உதிக்கும்.

சத்து அப்படியில்லீங்க. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வானத்திலிருந்து தினமும் இறங்குவதில்லை. மண்ணில் இருப்பதுதான் வேர் வழியே ஏறி, இலையாகவும் மணியாகவும் ஆகி, கீழே விழுந்து, மண்புழுவும் பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை மக்கச் செய்து, மறுபடி மண்ணுக்கே வருகிறது. காட்டுக்கு யார் யூரியா போட்டார்கள்? இலை விழுந்த இடத்திலேயே மக்குகிறது. நாம்தான் அறுத்து வெளியூருக்கு அனுப்புகிறோம்.

நெல் போகட்டும், அதற்குத்தானே பாடுபடுகிறோம். ஆனால் பயிர் எடுத்த சாம்பல் சத்தில் முக்கால் பங்குக்கு மேல் வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, பொட்டாசியம் 12 முதல் 17 கிலோ வரை இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஒரு மூட்டை பொட்டாஷ் உரமும் சுமார் அரை மூட்டை யூரியாவும் அதிலே அடக்கம். கொளுத்தினால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையோடு போச்சு. சாம்பல் சத்து பெரும்பாலும் தங்கும், நண்பர் சொன்னது அவ்வளவுக்குச் சரி. ஆனால் காற்று அடித்தால் பறக்கும், மழை பெய்தால் வாய்க்காலுக்கு ஓடும். வைக்கோலைக் கட்டுக் கட்டி விற்கிறவர்களும் ஒரு மூட்டை பொட்டாஷ் என்ன விலை என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

அப்படியானால் உழுது மடக்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். இதில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம், “வைக்கோலை மடக்கி உழுதுட்டு நடுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரும் என்னை நம்பி, உழுத நாலாம் நாளே நட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் போனால் பயிர் மஞ்சளாக நிற்கிறது. “தம்பி, நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்” என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நடந்தது இதுதான்: வைக்கோலை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். வைக்கோலில் அது போதாததால், மண்ணில் இருந்ததை அவை முதலில் எடுத்துக்கொண்டன. யூரியா தூவிச் சமாளித்தோம், அது அவருக்கு வீண் செலவு.

ஆகவே மடக்கி உழுதால், வயலில் தண்ணீர் கட்டி மூன்று வாரமாவது மக்கவிட்டு நடுங்கள். குறுவை முடிந்து தாளடிக்கு அவ்வளவு அவகாசம் இராது. அப்போது வைக்கோலை வரப்போரம் குழியில் போட்டுச் சாணிக்கரைசல் தெளித்து மக்க வையுங்கள். இல்லையென்றால் மாட்டுக்குப் போட்டு எருவைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் அங்கேயும் தழைச்சத்து புகைதான்.

காற்றிலிருந்து இறக்கிக்கொள்ள வழியுள்ளது தழைச்சத்து ஒன்றுக்குத்தான். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்குவதும், நடவு வயலில் அசோலா விடுவதும் அதற்காகத்தான். ஏரி வண்டலையும் மறக்காதீர்கள். அது நம் வயல்களிலிருந்து மழை அடித்துக்கொண்டு போன மேல்மண்தான். முறையாக அனுமதி வாங்கி அள்ளி வரலாம்.

தீ வைத்த நண்பர் அடுத்த வயலுக்கு நெருப்பைக் கொண்டுபோகவில்லை. பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவருக்கு வைக்கோல், பதிலுக்கு இரண்டு வண்டி எரு என்று பேசி முடித்திருக்கிறார். வண்டி வந்து சேர்ந்ததா என்று அடுத்த முறை போகும்போது பார்க்க வேண்டும்.