பக்கத்துப் பல்லை ராவாமலே பல் கட்டலாம்

மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டால் பலருக்கும் சொல்லப்படும் வழி பிரிட்ஜ். காலி இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவிச் சிறுக்கவைத்து, அவற்றுக்குக் கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லை நிறுத்துவார்கள். நன்றாகவே உழைக்கும். ஆனால் இழப்பையும் பார்க்க வேண்டும். முழு கேப்புக்காக ராவும்போது, ஈறுக்கு வெளியே தெரியும் பல்லில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது என்று எடல்ஹாஃப், சோரென்சன் என்ற ஆய்வாளர்கள் 2002இல் எடைபோட்டுக் காட்டினார்கள். போன எனாமல் மறுபடி வளராது. சொத்தையே இல்லாத பல்லுக்கு இது பெரிய தண்டனை. ராவிய பற்களில் சில பின்னால் ரூட் கெனால் வரைக்கும் போகின்றன.

இதற்கு மாற்று ஒட்டுப் பாலம். பொய்ப்பல்லோடு சேர்த்தே வார்த்த மெல்லிய தகடு ஒன்றைப் பக்கத்துப் பல்லின் உள்புறம், நாக்கு படும் பக்கத்தில், பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். ராவுவது மிகக் குறைவு. சிலருக்கு ராவவே வேண்டாம். மரத்துப்போகும் ஊசியும் பெரும்பாலும் தேவைப்படாது.

எச்சில் ஊறும் வாயில் பசை எப்படிப் பிடிக்கும்? வழி காட்டியவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஆய்வு செய்த மைக்கேல் புவோனோகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் அதை பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவார்கள். அதையே பல்லில் செய்து பார்த்து 1955இல் அவர் வெளியிட்டார். எனாமலில் எடைக்கணக்கில் 96 சதவீதம் தாது. அமிலம் பட்டதும் அது மேலாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுகின்றன. பசை அந்தக் குழிகளுக்குள் இறங்கி இறுகிக்கொள்கிறது. இன்று 37 சதவீத அமிலக் கூழைத் தடவி அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறார்கள். காற்றூதி உலர்த்தியதும் பளபளத்த பல் சாக்பீஸ் போல வெளுத்து நிற்கும். அந்த வெளுப்புதான் மருத்துவர் எதிர்பார்க்கும் அடையாளம். அந்த நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் குழிகள் அடைபட்டுப்போகும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்கள்.

1973இல் பிரெஞ்சு மருத்துவர் ரோஷெட், ஆடும் கீழ்ப்பற்களைச் சேர்த்துக் கட்ட, துளையிட்ட தங்கத் தகட்டை ஒட்டினார். 1982இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லிவாடிடிஸும் தாம்ப்சனும் உலோகத் தகட்டையே மின்சாரத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கினார்கள். 'மேரிலாண்ட் பிரிட்ஜ்' என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு ஜப்பானிலிருந்து எம்டிபி என்ற வேதிப்பொருள் கலந்த பசைகள் வந்தன. அதன் ஒரு முனை உலோகத்தைப் பற்றும், மறுமுனை பசையோடு இணையும். அமிலத்துக்கு அசையாத சிர்கோனியா என்ற பீங்கானையும் அது பிடித்துக்கொள்வதால், இன்று பல்லின் நிறத்திலேயே தகடு செய்ய முடிகிறது. உலோகத் தகடு மெல்லிய பல்லின் வழியே சாம்பல் நிறமாகத் தெரியும் குறையும் இதனால் தீர்ந்தது.

இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைத்தது இனிமேல்தான் வருகிறது. காலி இடத்தின் இருபுறமும் தகடு ஒட்டினால்தான் உறுதி என்று வெகுகாலம் நம்பினார்கள். ஜெர்மனியில் மத்தியாஸ் கெர்ன், இரண்டு தகடு கொண்ட பீங்கான் பாலங்களைக் கவனித்துவந்தார். சிலவற்றில் ஒருபக்க இணைப்பு உடைந்துபோனது. ஆனால் பொய்ப்பல் விழவில்லை. மறுபக்கத் தகட்டிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றது. அப்படியானால் தொடக்கத்திலேயே ஒரு தகடு போதாதா? செய்து பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவில், பத்தாண்டுக்குப் பின் இரண்டு தகட்டுப் பாலங்களில் சுமார் 74 சதவீதமும், ஒற்றைத் தகட்டில் 94 சதவீதமும் நிலைத்திருந்தன. எண்ணிக்கை சிறியதுதான், மொத்தம் நாற்பதுக்கும் குறைவு. ஆனால் பிறகு 108 சிர்கோனியா ஒற்றைத் தகட்டுப் பாலங்களைப் பார்த்தபோது பத்தாண்டுக் கணக்கு 98 சதவீதம் வந்தது.

காரணம் எளிது. பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நுண்ணிய நார்கள் அதைத் தாங்குகின்றன. கடிக்கும்போது ஒவ்வொரு பல்லும் தன் போக்கில் துளி அசையும். இரண்டையும் பிணைத்தால் அந்த இழுபறி முழுக்க ஒட்டின்மேல் விழுகிறது. ஒருபக்கத் தகடு விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்திருப்பதால் நோயாளிக்குத் தெரியாது. விட்ட இடத்தில் அழுக்குச் சேர்ந்து சொத்தை பிடிக்கும். ஒற்றைத் தகட்டில் பொய்ப்பல் தாங்கும் பல்லோடு சேர்ந்தே அசைகிறது.

மேல்வரிசையின் இரண்டாம் வெட்டுப்பல் பிறவியிலேயே முளைக்காத பிள்ளைகளுக்கு இந்த ஒட்டுப் பாலம் பெரிய உதவி. பதினைந்து வயதில், எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் வைக்கக் கூடாது. தாடை வளர வளர மற்ற பற்கள் இறங்கிவரும், எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட் அங்கேயே நின்று குட்டையாகத் தெரியும். அந்த வயதில் நல்ல பற்களை ராவச் சொல்லவும் மனம் வராது.

எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள், தாங்கும் பல்லில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், கீழ்ப்பல் மேல்பல்லின் உள்புறத்தை இறுக்கமாக முட்டும் கடிப்புள்ளவர்கள் ஆகியோருக்கு ஒட்டு நிற்பது கடினம். ஒட்டிய பொய்ப்பல்லால் கரும்பை உரிக்க முடியாது. எப்போதாவது கழன்றால், கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். பழைய பசையை நீக்கிவிட்டுப் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். வீட்டிலுள்ள உடனடிப் பசையைத் தொடவே வேண்டாம். அடிக்கடி கழன்றால் மருத்துவர் கடிப்பைத்தான் முதலில் சோதிப்பார். சரிவராவிட்டால் இம்பிளான்ட்டுக்கோ, கேப் மாட்டும் பிரிட்ஜுக்கோ அப்போதும் போகலாம்.