பழைய எம்ஜிபி காரின் ஆட்டம்: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது?

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையிலிருந்து 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி கார்கள் வெளிவந்தன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், உதிரிபாகத்துக்கும் அலையக்கூடாது என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து சேர்வது இதனிடம்தான். நம் ஊர் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம்; இரண்டும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ்.

ஆலையிலிருந்து கடைசியாக வந்த எம்ஜிபிக்கே இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துத் திரும்புகிறது, நேர்ச்சாலையில் இடமும் வலமும் அலைகிறது, பள்ளத்தில் இறங்கினால் கடகடக்கிறது என்பவை வைத்திருப்பவர்களின் வழக்கமான புகார்கள். பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் கடையில் கிடைக்கிற புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி மாட்டிவிட்டு, அதன் பிறகும் ஆட்டம் போகவில்லையே என்று விழிக்கிறார்கள்.

ஸ்டீயரிங்குக்கும் சாலைக்கும் நடுவே பல மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் துளித்துளியாகத் தேய்ந்ததெல்லாம் கூடித்தான் கையில் பெரிய ஆட்டமாகத் தெரிகிறது. எந்த மூட்டில் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டயரிலிருந்து தொடங்குங்கள்

செலவில்லாத சோதனை இது. 165 அளவு ரேடியல் டயர் போட்ட எம்ஜிபிக்குச் சாதாரண ஓட்டத்தில் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ காற்று போதும். முன்னும் பின்னும் மாறிப்போனாலோ ஒரு பக்கம் குறைந்தாலோ கார் அலையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போன டயர்கள் இந்தக் கார்களில் சகஜம். ஆண்டு முழுக்க ஷெட்டில் நின்று எப்போதாவது வெளியே வருகிற வண்டி அல்லவா!

கம்பிச் சக்கரம் உள்ள காரில் இன்னும் ஒரு சோதனை உண்டு. சக்கரத்தைத் தூக்கி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தை அது சுழலும் திசையில் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ரிவர்ஸிலிருந்து முன்னோக்கிப் புறப்படும்போது வருகிற சத்தம் பல நேரம் இதுதான். ஆரக்கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறை

முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. சமதரையில் ஆக்ஸில் ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் வேலை.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது சக்கரப் பேரிங்கிலும் இருக்கலாம், கிங்பின்னிலும் இருக்கலாம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் கிங்பின் அல்லது அதன் மேல், கீழ் மூட்டுகள். பிரேக் பிடித்ததும் ஹப்பும் கிங்பின் தாங்கியும் ஒரே துண்டாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் ஒளிந்துகொள்கிறது.

அடுத்து ஸ்டீயரிங். கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். உதவியாளர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் மட்டும் விடாமல் அசைக்க, நீங்கள் முன்பக்கம் குனிந்து வரிசையாகப் பாருங்கள்: ஸ்டீயரிங் காலத்தின் யுனிவர்சல் ஜாயின்ட், ராக்கின் பினியன் தண்டு, ராக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், டை ராடு எண்ட், ஸ்டீயரிங் ஆர்ம். ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டு எதுவோ, அங்கேதான் தேய்மானம். ராக் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால் கோளாறு ராக்கில் இல்லை, அதன் போல்ட்டில். அதை இறுக்கினாலே போதும்.

பேரிங்: ஒரு வளையத்தின் முக்கியத்துவம்

எம்ஜிபியின் முன்பேரிங்குகளுக்கு நடுவே ஓர் இடைவளையமும் மெல்லிய ஷிம் தகடுகளும் உண்டு. நட்டை நன்றாக முறுக்கிய பிறகும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை ஆட்டம் மிஞ்சும்படி ஷிம்களைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இது மெனக்கெடும் வேலை என்று சிலர் வளையத்தையே எடுத்துவிட்டு, நட்டைக் கைக்கணக்கில் இறுக்கிவிடுகிறார்கள். அந்த வளையம் இருந்தால்தான் ஸ்டப் ஆக்ஸிலுக்கு விறைப்பு கிடைக்கும். பழைய காரைப் பிரிக்கும்போது அது உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கிங்பின்: கிரீஸ் கன்தான் மருந்து

கதவு கீலில் திரும்புவதுபோல் முன்சக்கரம் கிங்பின்னில் திரும்புகிறது. பக்கத்துக்கு மூன்று என மொத்தம் ஆறு கிரீஸ் நிப்பிள்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்கிறது கையேடு. அடித்தவர்களின் கிங்பின் பல ஆண்டுகள் உழைத்தது. அடிக்காதவர்களுக்குக் கீழ்முனை முதலில் போனது. அந்தக் கீழ் மூட்டுதான் சாலையின் தண்ணீருக்கும் மண்ணுக்கும் மிக அருகில் இருக்கிறது.

புதிய பாகம் வாங்கும் முன் சக்கரத்தைத் தூக்கி, மூட்டுகளின் மேல் பாரம் இல்லாத நிலையில் கிரீஸ் அடித்துப் பாருங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் வழிந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அற்பம். ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, திருப்பத்துக்குப் பிறகு தானாக நேராவதில்லை என்ற குறை பாதி நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

தேய்மானம் இருந்தால் கிரீஸ் அதை மறைக்கும், போக்காது. புது புஷ் போட்டு, ரீமரால் மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் கடைய வேண்டும். தடிமன் பார்த்து வாஷர் தேர்ந்து மேல்-கீழ் ஆட்டத்தையும் எடுக்க வேண்டும். வீட்டில் செய்வதைவிட, பழையதைக் கொடுத்துச் சரிசெய்த ஜோடியை வாங்கிக்கொள்வது நல்லது. கிங்பின்னைக் கழற்ற சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிக்க வேண்டும். உரிய கருவி இல்லாமல் அவிழ்த்தால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடித்துவிடும்.

ராக்: இறுக்கினால் போதாது

டை ராடு எண்ட் மலிவானது, எளிதாக மாற்றலாம். கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் அலைன்மென்ட் பெரிதாக விலகாது. அதன் கூம்பு முனை பிடித்துக்கொண்டால் மரைமேல் சுத்தியல் போடாதீர்கள். ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில் தட்டினால் விடும்.

ராக்கின் உள்ளே, பல்லோடு பல் அழுந்தி நிற்க ஸ்பிரிங் வைத்த ஓர் அழுத்தியும் ஷிம்களும் உண்டு. ஷிம்மைக் குறைத்தால் ஆட்டம் குறையும் என்பதால் ஆசை வரும். ஆனால் கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடியிருக்கும். நடுப்பற்கள் தேய்ந்து, ஓரப்பற்கள் புதிதுபோல இருக்கும். நடுவில் ஆட்டமில்லாமல் இறுக்கினால், முழுத் திருப்பத்தில் ராக் பிடித்துக்கொள்ளும். திரும்பிய ஸ்டீயரிங் தானே நேராகாத கார் ஆட்டமுள்ள காரைவிட ஆபத்தானது. நடுவில் மட்டும் ஆட்டம் என்றால் ராக்கையே மாற்றுவதுதான் வழி. இருபுறமும் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ராக்கைத் தின்பது அதன் வழியே புகும் மணல்தான்.

புது ராக்கைப் பொருத்தும்போது அதன் தண்டும் ஸ்டீயரிங் காலமும் யுனிவர்சல் ஜாயின்ட்டில் சரியாகச் சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ராக்கின் அடியில் ஷிம் வைத்துச் சரிசெய்யுங்கள். கோணல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கை இடறும்.

புஷ்: எது போதும்?

கீழ் விஷ்போனின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் நசுங்கினால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி நழுவும். கார் ஒரு பக்கம் இழுக்கும். இங்கே பலர் போடுவது 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காருக்கான புஷ். ரப்பரோடு இரும்புக் குழாய் ஒட்டிய வகை அது. நீடித்து உழைக்கும், சொகுசும் கெடாது. ஒரே நிபந்தனை: அதன் நட்டைக் கார் தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

பாலியூரித்தேன் புஷ் இன்னும் விறைப்பானது. பந்தயத்துக்கு நல்லது. சாதாரணச் சாலையில் அதிர்வையும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சொலியையும் தரும். ஆன்டி-ரோல் பாரின் புஷ்ஷில் அதனால் தொல்லை குறைவு. எல்லா இடத்திலும் அதையே போட்டால் ஓட்டும் சுகம் போய்விடும்.

ஷாக் அப்சார்பரும் ஒரு மூட்டுதான்

எம்ஜிபியின் முன்பக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பரின் கைகளே சஸ்பென்ஷனின் மேல் விஷ்போன். அதன் தண்டு தேய்ந்தால் கிங்பின்னின் மேல்முனையே உள்ளும் வெளியும் ஆடும், எண்ணெயும் கசியும். உள்ளே எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்பலாம். தண்டில் ஆட்டம் என்றால் செப்பனிட்டதை வாங்கி மாற்றுங்கள். தொலைநோக்கி வகைக்கு மாற்றும் கிட்டுகளில் பல, பழைய கைகளை அப்படியே வைத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் தேய்ந்த தண்டின் ஆட்டம் புதுச் செலவுக்குப் பிறகும் இருக்கும். மாற்றும் முன் நான்கு போல்ட்டுகளும் இறுக்கமா என்றும் பாருங்கள்.

பின்பக்கத்தை மறக்காதீர்கள்

ஆக்ஸிலேட்டரை விடும்போதும் மிதிக்கும்போதும் கார் லேசாகத் தடம் மாறினால், குறை முன்பக்கத்தில் இருக்காது. பின் ஆக்ஸிலைப் பிடித்திருப்பவை இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகள் மட்டுமே. அவற்றின் முன்கண் புஷ்ஷோ, பின்னால் உள்ள ஷாக்கிள் புஷ்ஷோ, யு-போல்ட்டோ தளர்ந்தால் ஆக்ஸிலே கொஞ்சம் திரும்பிக் காரைத் திருப்பும். இங்கே ரப்பர் புஷ்ஷே ஏற்றது. கார் வளைவில் சாயும்போது ஸ்பிரிங் கொஞ்சம் முறுக இடம் வேண்டும்.

அலைன்மென்ட் கடைசியில்

எல்லா ஆட்டமும் தீர்ந்த பிறகே அலைன்மென்ட். டோ-இன் சுமார் 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர். இரண்டு டை ராடும் ஒரே நீளமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். கேம்பர் சுமார் 1 டிகிரி, கேஸ்டர் சுமார் 7 டிகிரி. இரண்டையும் திருகி மாற்ற வசதி கிடையாது. அதனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். சில நூறு மைல் ஓட்டிய பிறகு, தொட்ட போல்ட்டுகளை எல்லாம் மறுபடி ஒருமுறை பாருங்கள். நைலான் நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் ஒருபோதும் இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள்.

பிரிட்டனில் 40 ஆண்டைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபி முழுக்க இந்த வரம்புக்குள் வந்துவிட்டது. அடியில் போய்ப் பார்க்கச் சட்டம் யாரையும் அனுப்பாது என்பதால், கிரீஸ் அடிக்கும் நாளன்றே சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் வேலையையும் சேர்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு.