கையில் கிடைத்தது என்ன கல்?

உடுப்பிட்டியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரே அறையில் இருந்தவர். சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தேநீர் வந்த தட்டிலேயே ஒரு சிறு கல்லும் வந்தது. பெருவிரல் நுனியளவு இருக்கும். பால் கலந்த தண்ணீரின் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒளி பரவியது. அவருடைய மகள் தொண்டைமானாற்றங்கரையில் பொறுக்கியதாம்.

"மௌலவி, உங்கட மாமா பேருவளையில கல் யாவாரம் எண்டு சொல்லியிருக்கிறியள். இதை ஒருக்காப் பாருங்கோ. நல்ல கல்லெண்டால் பிள்ளைக்கு ஒரு பென்ரனில பதிப்பிக்கலாம் எண்டு நினைக்கிறன்" என்றார் நண்பரின் மனைவி.

அரபுக் கல்லூரி விடுமுறைகளில் மாமாவின் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது கொஞ்சம். அவர் முதலில் சொல்வது, "நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாதே" என்பதுதான். ஆகவே கல்லைவிட்டு, அது கிடைத்த இடத்தைப் பற்றிக் கேட்டேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. தொண்டைமானாறு என்று பெயரில் ஆறு இருந்தாலும் அது கடல்நீரேரிதான். மலையிலிருந்து கல்லை உருட்டி வரும் ஆறு அங்கே கிடையாது. மாணிக்கமும் நீலமும் விளைவது வேறு வகை மண்ணில். மலைநாட்டின் பழம்பாறைகள் சிதைந்து, அவற்றிலிருந்த கடினமான கற்களைக் களுகங்கை போன்ற ஆறுகள் இழுத்துவந்து, பள்ளங்களில் சரளையோடு படியவிட்டன. அந்தச் சரளைப் படையைத்தான் இரத்தினபுரியில் 'இல்லம்' என்கிறார்கள்.

பிறகு சோதனை. கத்தி நுனியால் ஓர் ஓரத்தைக் கீறினேன், கோடு விழுந்தது. நீலக்கல்லின் கடினத்தன்மை 9, படிகக்கல்லுக்கு 7. இரண்டிலும் சாதாரணக் கத்தி கீறாது. கீறல் விழுந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சஞ்சாறு விட்டேன். சிறு குமிழிகள் எழுந்தன. கல்லின் ஒரு மூலை மட்டும் நல்ல தெளிவாக இருந்தது. அதைப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிந்தது. சந்தேகமில்லை, கால்சைட்டு, சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் வளரும் பளிங்கு. (சகோதரிகளே, வீட்டில் உள்ள நகைக் கல்லில் இந்தக் கத்தி வித்தையைச் செய்து பார்க்க வேண்டாம்!)

"என்ன கல்லானால் என்ன, வடிவாயிருந்தால் போட வேண்டியதுதானே" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு எஹலியகொடைக் கதையைச் சொன்னேன்.

1953இல் இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடைப் பகுதிச் சரளையில் எப். எல். டி. ஏக்கநாயக்க என்ற இரத்தினக்கல் நிபுணருக்கு ஒளி ஊடுருவும் பச்சைக் கல் ஒன்று கிடைத்தது. பார்வைக்குக் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் தெரிந்த எந்தக் கல்லின் கணக்கும் அதற்குப் பொருந்தவில்லை. அவர் அதை ஏதோ ஒரு பெயரில் விற்றுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. கல் இலண்டனுக்குப் போய், பி. டபிள்யூ. ஆண்டர்சன் முதலானோரின் ஆய்வுக்கு வந்தது. 1961இல்தான் 'நேச்சர்' விஞ்ஞான இதழில், இது உலகம் அறியாத புதிய கனிமம் என்று அறிவித்தார்கள். கண்டெடுத்தவர் பெயராலேயே 'ஏக்கனைட்டு' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு கல்லுக்குப் பெயர் வைக்க எட்டு ஆண்டுகள்!

அந்தக் கல்லில் இருந்தது தோரியம். கதிரியக்கம் உள்ள பொருள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன்னுள்ளிருந்து வந்த கதிர்களாலேயே அதன் படிக அமைப்பு உடைந்துபோனது. அது கண்ணாடிபோல் தெரிந்ததற்கு அதுவே காரணம். சேகரிப்பாளர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் நாள் முழுதும் உடம்பில் பட அணிந்திருக்க ஏற்ற கல் அல்ல அது. அதைத் துளைத்துத் தூளைச் சுவாசிப்பது இன்னும் மோசம். பச்சையாய் அழகாயிருக்கிறதே என்று ஒரு தாய் தன் குழந்தையின் கழுத்தில் போட்டிருந்தால்?

என் மனைவி கையிலிருந்த கல்லைத் தட்டில் வைத்துவிட்டாள். சுண்ணாம்புக்கு அந்தப் பயம் இல்லை என்று சொல்லித் தேற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. மாமா அதைப் பெருமூச்சோடுதான் சொல்வார். நீலக்கல் இனத்தைச் சேர்ந்ததுதான் 'கெவுடா'. ஆனால் உள்ளே பால்போல் மங்கல் விழுந்திருக்கும். நம்மவர்கள் அதை மதிக்கவில்லை; ஒதுக்கிப் போட்டார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 1500 பாகைக்கு மேல் உலையில் சூடாக்கினால் மங்கல் கரைந்து நீலம் வந்துவிடும் என்ற இரகசியம் அவர்களிடம் இருந்தது. வீட்டு முற்றத்தில் கிடந்த கல்லுக்கு வேற்று நாட்டில் விலை! இப்போது இங்கேயும் சூடாக்குகிறார்கள். அதில் குற்றமில்லை. சூடாக்கியதை வாங்குபவரிடம் மறைப்பதுதான் குற்றம். நம் வியாபாரிகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே மலைநாட்டுப் பக்கத்து ஆற்றங்கரையில் அப்படி ஒரு கல் கிடைத்தால், கண்டதும் விலை சொல்லும் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குக் கொழும்பில் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. காட்டி, எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். கிடைத்த இடத்தில் மண்வெட்டியோடு இறங்கவும் வேண்டாம். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரத்தினக்கல் அகழ்வது குற்றம்.

"அப்ப பென்ரன் இல்லையோ?" என்று நண்பரின் மனைவி சிரித்தார். பென்ரனுக்கு அது ஆகாது. ஒரு தட்டுப் பட்டால் வெடித்துவிடும், நாளாக நாளாக மங்கியும் போகும். மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. நாங்கள் விடைபெறும்போது அவள் பாடப்புத்தகத்தின் மேல் கல்லை நகர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு இரண்டாக வாசித்துக்கொண்டிருந்தாள்.