பழைய ஜீப் வாங்குவோர் அறிய வேண்டுவன

தார்ச்சாலை முடியும் இடத்தில் சந்தையும் முடிந்துவிடுகிறது என்பது மலைச் சிற்றூர்களில் வாழும் உழவர்கள் நன்கறிந்த உண்மை. கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பயிரிடும் நம் அங்கத்தினர்களில் ஒரு பகுதியினர் மண்பாதைக்கு அப்பால் வாழ்கின்றனர். சங்கத்தின் தராசு அவர்கள் வாயிலுக்குச் செல்லாத வரையில், மிளகு காய்ந்ததும் முதலில் வந்து நிற்கும் வியாபாரி சொல்லும் விலையே அவர்களுக்கு விலை. ஈரம் படிந்த நாட்களில் சாதாரண வண்டி அப்பாதையில் ஏறுவதில்லை. ஆகவே, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் ஒன்றை வாங்குவதென்று நமது நிர்வாகக் குழு 2022ஆம் ஆண்டின் இறுதியில் தீர்மானித்தது. புதியது வாங்க நிதி இடங்கொடாமையால் பழையதே வாங்க நேர்ந்தது.

2023 ஜனவரியில் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறைப் பக்கத்தில், ஏலத்தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து வண்டியை வாங்கி, போடிமெட்டு வழியாக ஊர் கொண்டுவந்து சேர்த்தோம். அப்போது நாம் அறிந்துகொண்டவற்றையும், நாம் செய்த பிழை ஒன்றையும், பிற அங்கத்தினர்களுக்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகிறோம். அறப் பழைய வண்டியை விலை கொடுத்த அன்றே வாங்கிவிட்டதாக எண்ணுதல் தவறு. அது வீடு வந்து சேரும் வரையில் நடப்பது முழுவதும் பரீட்சையே.

ஏன் ஜீப்?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் மேடு பள்ளம் பாராமல் செல்வதற்காக ஆக்கப்பட்டது ஜீப். போருக்குப் பின்னர், 1940களின் இறுதியில், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வருவித்து இந்தியாவில் பூட்டும் பணியை மகிந்திரா நிறுவனத்தார் மேற்கொண்டனர். அந்த வமிசத்தில் வந்தவையே பிற்காலத்து 540 முதலிய டீசல் ஜீப்புகள். இவற்றின் அமைப்பு எளிது. கனத்த இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் பட்டை வில்கள், உருக்கு அச்சுகள் என்ற அளவோடு அது முடிந்துவிடுகிறது. மின்னணுக் கருவிகள் இல்லாமையால், சிற்றூரிலுள்ள பட்டறைக்காரரும் கழற்றிப் பூட்ட இயலும். மலைநாட்டில் இவ்வண்டிகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆயினும், ஜீப்பின் தோற்றமுடைய வண்டிகள் அனைத்தும் நான்கு சக்கர விசை உடையவை அல்ல. பின் சக்கரங்களுக்கு மட்டுமே விசை செல்லும் வகைகளும் ஏராளமாக விற்கப்பட்டன. ஐயம் இருப்பின் முன்புறம் குனிந்து பார்க்க வேண்டும். பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் அடங்கிய உருண்டைப் பெட்டி ஒன்று இருக்கும். முன் அச்சிலும் அத்தகைய பெட்டி இருந்து, அதற்கு ஒரு சுழல் தண்டும் வந்து சேருமானால்தான் அது நான்கு சக்கர வண்டி. இல்லையேல் அது வெறும் வேடமே.

ஏடு முதலில், எஞ்சின் பிறகு

வண்டியைப் பார்க்குமுன் அதன் பதிவுச் சான்றைப் பார்த்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்திற்கான வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிப்பர். நாம் வாங்கிய வண்டி 1997இல் பதிவானது. 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் முறையே புதுப்பிக்கப்பட்டிருந்தது. புதுப்பிக்கும் காலம் கடந்து கொட்டகையில் கிடக்கும் வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த மலிவு பின்னர் நம்மையே வந்து அடையும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்ந்துள்ளது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றிலுள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினோடு பிறந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் பிற்காலத்தில் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள். அனுமதி பெற்றுச் சான்றில் ஏற்றப்படாத மாற்றம் உடைய வண்டி எவ்வளவு நன்றாக ஓடினும் அதைத் தொடலாகாது. தயாரித்தவர் தந்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. நாம் முதலில் பார்த்த வண்டி கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு இருந்தது. எண் ஒவ்வாமையால் அதனை விட்டுவிட்டு வந்தோம்.

வேற்று மாநிலத்து வண்டியாயின், பதிவு செய்த அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெறுவது இன்றியமையாதது. அதற்குரியது 28ஆம் எண் படிவம். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். வண்டியின்மீது கடன் இருந்திருப்பின், அது தீர்ந்ததைக் காட்ட 35ஆம் எண் படிவமும் வேண்டும். வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் மாற்றத்தை அறிவித்தாக வேண்டும். வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்குமாயின் புதிய எண் பெறுவது கட்டாயம். நம் மாநில வரியும் செலுத்த நேரும். இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்டல் வேண்டும். சொந்த உபயோகத்திற்கென்று பதிவான வண்டியில் ஆளையோ சரக்கையோ கூலிக்கு ஏற்றலாகாது என்பதையும் சங்கங்கள் மறத்தலாகாது. விபத்து நேருமாயின் அப்போது கைகொடுப்பார் இரார்.

படுத்துப் பார்த்தல்

வண்டியின் மேல்பூச்சு விற்பவருடையது, அடிப்புறமே வாங்குபவருடையது. ஆகையால் பழைய வேட்டி ஒன்றை விரித்து, வண்டிக்கடியில் படுத்துப் பார்க்கக் கூசுதல் கூடாது. பட்டை வில்கள் சட்டத்தோடு சேரும் இடங்களில் துருவும் ஒட்டுப்பற்றும் உள்ளனவா என்று நோக்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது மழுங்கிய ஓசை தரும்.

முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரியுமாயின் சக்கரத் தாங்கியோ, திருப்புமுளையோ தேய்ந்திருக்கிறது. வேகத்தில் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுவதற்கு இத்தகைய தேய்வே பெரும்பாலும் காரணமாகும். நான்கு டயர்களும் ஒரே அளவினவாயும், ஒரே அளவு தேய்ந்தனவாயும் இருத்தல் நலம். இரண்டு சக்கர விசை வண்டியைவிட இவ்வண்டிக்கு இது மிகவும் முக்கியம். காரணம் பின்னர் விளங்கும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே முடுக்கிப் பார்க்க வேண்டும். நாம் போய்ச் சேருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பின், மறுநாட்காலை மீண்டும் வருவதே தக்கது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, டீசல் மிகுந்தோ காற்று குறைந்தோ எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாதிருப்பின் தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். பேசி முடித்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத தொகையைப் பழுதுபார்க்கும் செலவுக்கென்று தனியே ஒதுக்கிக்கொண்டோம். அது முழுவதும் செலவாயிற்று.

நாம் செய்த பிழை

புறப்படுமுன் எஞ்சின் எண்ணெய், பிரேக் எண்ணெய், விசிறிப் பட்டை, தண்ணீர்க் குழாய்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றினோம். டீசல் வடிகட்டி ஒன்று, பட்டை ஒன்று, பத்து லிட்டர் தண்ணீர், கயிறு, ஜாக்கி ஆகியவற்றை உடன் எடுத்துக்கொண்டோம். இவ்வளவும் செய்து, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கியபோது, நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் பத்திரம் என்றெண்ணி, முன் சக்கர விசையையும் சேர்த்துவிட்டோம். சாலை உலர்ந்த தார்ச்சாலை.

மூன்றாவது வளைவிலேயே ஸ்டியரிங் கனத்தது. ஐந்தாவதில் டயர்கள் கிரீச்சிட்டன. விசையை நீக்க முயன்றபோது நெம்புகோல் அசைய மறுத்தது. வண்டியே பழுதென்றும், சங்கப் பணம் போயிற்றென்றும் கலங்கி ஓரங்கட்டினோம். அங்கே ஜீப்பில் தொழிலாளரை ஏற்றி வந்த முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வண்டிக்கு ஒன்றும் இல்லை, ஐயா. சக்கரத்தை நேராக்கி நாலடி பின்னுக்கு எடுங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம். நெம்புகோல் தானே கழன்றது.

காரணம் இதுதான். போரடிக்கும் களத்தில் பிணையல் மாடுகள் வட்டமிடும்போது, உள்மாடு சிறிதே நடக்க, ஓரமாடு நெடுந்தொலை நடக்கிறது. அதுபோலவே வளைவில் திரும்பும் வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் வெவ்வேறு தொலைவு உருளுகிறது. இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வோர் அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பெட்டி ஈடுசெய்துவிடும். முன் அச்சு பின் அச்சைக் காட்டிலும் கூடுதலாக ஓடுகிறதே, அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய இப்பழைய ஜீப்புகளில் ஒன்றும் இல்லை. முன் விசையைச் சேர்த்ததும் இரண்டு அச்சுகளும் இறுகப் பிணைக்கப்பட்டுவிடுகின்றன.

நெசவாளர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவு உருளை விடும் அளவும் படமரம் சுற்றும் அளவும் ஒவ்வாதபோது இழைகள் விறைத்து அறுபடுவதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அவ்விறைப்பே வண்டியின் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் ஏறுகிறது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி அவ்விறைப்பைத் தளர்த்திக்கொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்க இடமில்லை. டயர் அளவுகள் மாறுபட்டால் நேர்ச்சாலையிலும் இதே தீங்கு விளையும். ஆதலின், உலர்ந்த தார்ச்சாலையில் முன் விசையைச் சேர்த்தல் கூடாது.

இறக்கத்தில் காப்பது கியரே. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர் கண்ட விதி. பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே இறங்கினால் அதன் உருளைகள் காய்ந்து பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் எண்ணெயில் நீர் சேர்ந்திருப்பின் அது கொதித்து, பிரேக் மிதி வெறுமையாகக் கீழிறங்கும். எஞ்சியிருந்த வளைவுகளை இரண்டாம் கியரிலேயே அமைதியாக இறங்கி முடித்தோம்.

சமவெளியும் மீண்டும் மலையும்

தேனி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் சேர்ந்து அன்றிரவு தங்கினோம். வழியில் முதல் இருபது கிலோமீட்டரிலும், பின்னர் ஐம்பதுக்கு ஒரு முறையும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரக் குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். ஒரு குடம் மட்டும் மற்றவற்றைவிடச் சுடுமானால், அதன் தாங்கி இறுகியிருக்கிறது. அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் செல்லவில்லை.

மறுநாட்காலை வேடசந்தூரை நெருங்குகையில் எஞ்சின் இளைத்து நின்றது. நெடுநாள் தோட்டத்திற்குள்ளேயே சிறிது சிறிதாக ஓடிய வண்டியின் தொட்டியில் துருவும் கசடும் அடியில் படிந்திருக்கும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடுகையில் அவை கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். உடன் கொண்டுவந்த வடிகட்டியை மாற்றி, கைப்பம்பை அழுத்திக் குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றினோம். அரைமணியில் வண்டி புறப்பட்டது. முன்னாள் நம்மைக் கலங்கச் செய்தது அறியாமை. இன்று காத்தது முன்னேற்பாடு.

கரூர், நாமக்கல், சேந்தமங்கலம் கடந்து பிற்பகலில் காரவள்ளி அடிவாரம் சேர்ந்தோம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் வெப்பமானியின் முள் உயர்ந்தது. எஞ்சினை உடனே அணைக்காமல், ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆற்றினோம். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலும், அதில் குளிர்ந்த நீரை ஊற்றுதலும் பேராபத்து என்பதை யாவரும் நினைவிற்கொள்க.

சோளக்காட்டுக்கு அப்பால் தார் முடிந்து மண்பாதை தொடங்கியது. முந்தின நாள் பெய்த மழையால் அது குழைந்திருந்தது. அங்கேதான், முதன்முறையாக முறைப்படி, முன் விசையைச் சேர்த்தோம். போடிமெட்டில் முரண்டிய அதே வண்டி, ஒரு சக்கரம் வழுக்க மற்றவை பற்ற, ஓசையின்றி மேலேறிற்று. அவ்வாண்டு மிளகு காய்ந்த காலத்தில் சங்கத்தின் தராசு அவ்வழியே சிற்றூர்களுக்குச் சென்றது. களத்திலேயே எடைபோட்டு, அன்றைய சந்தை விலையை வாசித்துக் காட்டிப் பணம் தர முடிந்தது.

பழைய ஜீப் வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் மூன்றை மறவாதிருப்பார்களாக. ஏடு ஒவ்வாத வண்டியை எந்த விலைக்கும் ஏற்காதீர். அடிப்புறத்தைப் பாராமல் முன்பணம் கொடாதீர். வீடு திரும்பும் பயணத்திற்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, தொட்டும் கேட்டும் முகர்ந்தும் வண்டியை அறிந்துகொண்டே வாருங்கள். அது சொல்லும் குறையனைத்தையும் வழியிலேயே கேட்டறிந்தவனுக்கு, ஊர் வந்தபின் அது புதிதாகச் சொல்வதற்கு அதிகம் இராது.