கரண்ட் வைப்பதற்கு முன்

பிசியோதெரபி என்றாலே நம் ஊரில் பலருக்கும் கரண்ட் வைப்பதுதான் நினைவுக்கு வரும். முதுகில் நான்கு பட்டைகளை ஒட்டிக் கால் மணி நேரம் குறுகுறுக்க விடாவிட்டால், கொடுத்த காசு வீண் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு மாணவர் முதலில் பழகவேண்டியது வேறு: வலியை விசாரிப்பது.

தோள் வலி என்று ஒருவர் வருகிறார். "நீங்களே கையைத் தூக்குங்க" என்பார் மாணவர். அடுத்து, "தளர்வா விடுங்க, நான் தூக்கிப் பார்க்கறேன்." இரண்டு முறையும் கோனியோமீட்டர் என்ற கோணமானியை மூட்டில் வைத்து அளப்பார். தானாகத் தூக்கும்போது 90 டிகிரியில் நின்ற கை, பிறர் தூக்கினால் காதுவரை போகிறதா? அப்படியானால் மூட்டு இறுகவில்லை. தூக்கும் தசையிலோ தசைநாணிலோ நரம்பிலோ கோளாறு. இரண்டு விதத்திலும் ஒரே இடத்தில் முட்டுகிறது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பவும் வரவில்லை என்றால் 'உறைந்த தோள்' என்ற சந்தேகம் எழும். உடனே அடுத்த கேள்வி: "சர்க்கரை இருக்கா?" நீரிழிவுக்காரர்களிடம் இந்தத் தொல்லை அதிகம்.

தசையின் பலத்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1, புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3, சிகிச்சையாளர் பலமாக அழுத்தியும் அசையாமல் நின்றால் 5.

வலியைப் பற்றிய பாடம் இன்னும் சுவையானது. தண்டுவடத்தில் ஒரு 'வாயில்' இருக்கிறது, தொடுகையின் செய்தி வந்தால் வலியின் செய்தி போகும் வழி குறுகும் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் சொன்னார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுவது இதனால்தான். கரண்ட் வைக்கும் டென்ஸ் கருவியும் இந்தக் கருத்திலிருந்து வளர்ந்ததே. ஆகவே கரண்ட் வெறும் ஏமாற்று இல்லை; சிறிது நேரம் வலியை மட்டுப்படுத்தலாம். தசைநாணுக்கு அது வலு ஏற்றாது.

ஸ்கேன் படமும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 'டிஸ்க் தேஞ்சிடுச்சு' என்று கேட்ட நாளிலிருந்து குனிவதையே விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதற்காக எல்லா முதுகுவலியையும் லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது என்றால் உடற்பயிற்சி பேச்சே இல்லை, உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

பயிற்சிக்கும் மருந்தைப் போல அளவு உண்டு. குதிகால் நாண் வலிக்கு ஸ்வீடனின் ஹோகான் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998இல் சொன்ன முறை பிரசித்தம். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கும் காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்கவேண்டும். முழங்காலை நீட்டி 45 தடவை, மடக்கி 45 தடவை. தினமும் இரு வேளை, 12 வாரம். கொஞ்சம் வலித்தாலும் நிறுத்தக்கூடாது. வலி போய்விட்டால் முதுகுப்பையில் எடை ஏற்றவேண்டும். அந்த ஆய்வில் சேர்ந்த, மற்ற வைத்தியம் பலிக்காத 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் இவ்வளவு முழுமையான பலன் கிட்டவில்லை என்பதும் பாடத்தில் உண்டு.

நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அளவுகோல் வேறு: ஆறு நிமிட நடை. 30 மீட்டர் தாழ்வாரத்தில் அவர் போவதும் வருவதுமாக நடப்பார். மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. மாணவர் கூடவே நடக்கக்கூடாது, நடந்தால் நோயாளியின் வேகம் மாறிவிடும். ஆர்வத்தில் "இன்னும் கொஞ்சம், சபாஷ்!" என்று கூவவும் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை, விதிமுறையில் எழுதியிருக்கும் வாக்கியத்தை மட்டும் ஒரே குரலில் சொல்லவேண்டும். உற்சாகப்படுத்தினால் நோயாளி கூடுதல் தூரம் நடந்துவிடுவார், அடுத்த மாதம் ஒப்பிட முடியாது.